கம்பம் கிழக்கே பார்த்த காலம்

1980களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எந்த நிகழ்ச்சிகளைப் பார்த்து வளர்ந்தார்கள் என்று யார் எழுதினாலும் பட்டியல் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை ஒளியும் ஒலியும், ஞாயிறு காலை ராமாயணம், நேயர் கடிதங்களுக்குப் பதில் சொல்லும் எதிரொலி, வயலும் வாழ்வும், ஷோபனா ரவி வாசித்த செய்திகள். இந்தப் பட்டியலில் பொய் ஏதும் இல்லை. ஆனால் இது சென்னைக்காரர்களின் பட்டியல். தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, மூக்கையூர் என்று நீளும் எங்கள் ராமநாதபுரம் கரையில் அந்த வயதுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். இவற்றோடு இலங்கையின் அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினியின் பெயரும் வரும். பிஸ்ஸு பூஸா என்று ஒரு பூனை வரும். ஓஷின் என்ற ஜப்பானியச் சிறுமி வருவாள். கொஞ்சம் விட்டால் சிங்களத்தில் செய்தி வாசித்தவர்களின் தலைவாரல் வரைக்கும் வர்ணிப்பார்கள்.

இது எப்படி நேர்ந்தது என்பதற்கு விருப்பமோ அரசியலோ முதற்காரணம் இல்லை. மலையும் கடலும் காற்றும்தான் காரணம்.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். தொலைக்காட்சி அலைகள் ஒளியைப் போல ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. பூமி வளைந்திருப்பதால் குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் அவை நம் தலைக்கு மேலே போய்விடும். அதனால் ஒளிபரப்பும் இடம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் படம் தெரியும். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. ராமேசுவரத்துக்கும் சென்னைக்கும் வானவழியில் சுமார் 430 கிலோமீட்டர். அங்கிருந்து நேரடியாக எதுவும் இங்கே வர வழியில்லை. பிறகு வந்த கொடைக்கானல் ஒளிபரப்பு நிலையம் தென்மாவட்டங்களுக்குப் பெரிய கொடை. ஆனால் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த மலையிலிருந்து, பத்து மீட்டர் கம்பத்தில் ஆன்டெனா கட்டிய வீட்டுக்கு, கணக்குப்படி 200 கிலோமீட்டர் வரைதான் அலை எட்டும். ராமநாதபுரம் நகரம் 175 கிலோமீட்டரில் இருப்பதால் தப்பித்தது. ராமேசுவரமோ 225 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தீவுக்காரர்களுக்குக் கொடைக்கானல் என்பது தெரிந்தும் தெரியாமலும் வரும் புள்ளிக்கூட்டம்.

இப்போது கிழக்கே திரும்புங்கள். இலங்கையில் ஐ.டி.என். என்ற தொலைக்காட்சி நிலையம் 1979 ஏப்ரலில் தொடங்கியது. ரூபவாஹினி ஜப்பானிய அரசின் உதவியோடு 1982 பிப்ரவரி 15 அன்று, முதல் நாளிலிருந்தே வண்ணத்தில், ஒளிபரப்பாயிற்று. அதன் முதன்மை நிலையம் நுவரெலியாவுக்கு மேலே, இலங்கையின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகலையில் இருக்கிறது. உயரம் 2,524 மீட்டர். வன்னியில் கொக்காவில் என்ற இடத்தில் வடக்குப் பகுதிக்கான நிலையம் ஒன்று இருந்தது. ராமேசுவரத்திலிருந்து கொக்காவில் சுமார் 120 கிலோமீட்டர். இடையில் மன்னாரும் கடலும் மட்டும். மறிப்பதற்கு ஒரு குன்றுகூடக் கிடையாது. சொந்த நாட்டு நிலையத்தைவிட அண்டை நாட்டு நிலையம் பாதித் தூரத்தில் இருந்தது என்பதுதான் விஷயத்தின் வேர்.

இன்னொரு தற்செயலும் இதில் உண்டு. உதவி செய்த ஜப்பானில் அப்போது இருந்தது என்.டி.எஸ்.சி. என்ற ஒளிபரப்பு முறை. ரூபவாஹினி அதை எடுத்துக்கொண்டிருந்தால் இந்தியப் பெட்டிகளில் படம் ஓடியிருக்காது. இலங்கை தேர்ந்தெடுத்தது இந்தியாவைப் போலவே பால் (PAL) என்ற முறை. 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள். ஆகவே சென்னையில் தயாரான சாலிடேர், டயனோரா பெட்டிகள் எந்த மாற்றமும் இல்லாமல் சிங்களம் பேசின. வண்ணம்தான் வீணாயிற்று. அந்தப் பக்கம் எத்தனை வண்ணத்தில் அனுப்பினாலும் எங்கள் தெருவில் இருந்தவை கறுப்பு வெள்ளைப் பெட்டிகள். அவற்றின் முன்னால் மேலே நீலம், கீழே பச்சை என்று ஒரு பிளாஸ்டிக் தாளை மாட்டி வைத்து, வானமும் புல்லும் வந்துவிட்டதாக நம்பிக்கொண்டோம். செய்தி வாசிப்பவரின் நெற்றி நீலமாகவும் மார்பு பச்சையாகவும் இருந்ததை யாரும் குறையாகச் சொன்னதில்லை.

கீழக்கரை, வேதாளை, பெரியபட்டினம் பக்கத்துச் சபராளிகள், அதாவது வெளிநாடு போய்ச் சம்பாதித்தவர்கள், வீடுகளில் கதை வேறு. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்த வண்ணப்பெட்டிகள் அங்கே முதலில் இறங்கின. கூடவே வீடியோ கேசட் ஓட்டும் டெக்கும் வந்தது. எங்கள் தெருவில் முதன்முதலில் வண்ணப்படம் பார்த்தது அப்படி ஒரு காக்கா (இங்கே முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் சொல்) வீட்டுத் திண்ணையில்தான். ஊர்ப்பிள்ளைகள் அத்தனை பேரையும் உட்காரவிட்ட மனிதர். சத்தம் போட்டால் மட்டும் பெட்டியை அணைத்துவிடுவார். அந்தத் தண்டனைக்கு நாங்கள் பள்ளிக்கூடப் பிரம்பைவிட அதிகம் பயந்தோம்.

பிதுருதலாகலைக்கு வருகிறேன். அங்கிருந்து ராமேசுவரம் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். உயரக் கணக்குப்படி அலை 220 கிலோமீட்டரில் நின்றுவிட வேண்டும். ஆனாலும் சில மாலைகளில் கொக்காவில் அலைவரிசையோடு சேர்ந்து அந்த மலையின் படமும் கண்ணாடிபோலத் தெளிவாக வந்தது. மாடியில் ஏறிக் கம்பத்தைத் திருகியவரின் கைராசி என்று நாங்கள் நினைத்தோம். உண்மையில் அது கடலின் வேலை.

வழக்கமாகத் தரைக்கு அருகில் காற்று அடர்த்தியாகவும் மேலே போகப்போக லேசாகவும் இருக்கும். அதனால் அலைகள் சற்றே கீழ்நோக்கி வளையும். வெயிலில் காய்ந்த நிலத்துக் காற்று, சூடும் வறட்சியுமாக, கடலின் மேலே கிடக்கும் ஈரமான குளிர்ந்த காற்றின் மீது போர்த்திக்கொள்ளும் நாள்கள் சில உண்டு. அப்போது கீழே குளிர், மேலே சூடு என்று வெப்பநிலை அடுக்கு தலைகீழாகி, அலைகள் வழக்கத்தைவிட அதிகமாகக் கீழே வளையும். அந்தச் சூடான அடுக்குக்கும் கடலுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் அலை, குழாய்க்குள் ஓடும் தண்ணீரைப் போல வெளியே சிதறாமல் கடல்மட்டத்தை ஒட்டி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். பாக் நீரிணை போன்ற ஆழமில்லாத, வெதுவெதுப்பான கடலும் இருபக்கமும் காய்ந்த நிலமும் இதற்கு வாகான இடம். ஆனால் கடல் அமைதியாக இருக்க வேண்டும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று பலமாக அடித்தால் அடுக்குகள் கலைந்துவிடும். வாடை மழையோடு வந்தாலும் அப்படியே. எனவே மாசி, பங்குனி, சித்திரையில் படம் நன்றாக வரும். ஆனி, ஆடியில் புள்ளிதான். கரையில் இருந்த பெரியவர்களுக்கு இந்த இயற்பியல் தெரியாது. ஆனால் மாலையில் கடலைப் பார்த்துவிட்டு, "இன்றைக்குச் சிலோன் நன்றாக எடுக்கும்" என்று சொல்லிவிடுவார்கள். வலை வீசுவதற்குக் காற்றைப் பார்த்த கண்ணே டிவிக்கும் பார்த்தது.

ஆன்டெனா திருப்பிய கதையைத் தமிழ்நாட்டில் எல்லோரும் எழுதிவிட்டார்கள். எங்கள் ஊரில் அதற்குக் கூடுதலாக ஒரு கேள்வி இருந்தது: எந்த நாட்டின் பக்கம் திருப்புவது? கொடைக்கானல் மேற்கே சற்று வடக்காக. கொக்காவில் நேர் கிழக்கே. பிதுருதலாகலை தென்கிழக்கே. ஆன்டெனாவின் குறுக்குக் கம்பிகள் எந்தத் திசையைப் பார்க்கின்றனவோ அங்கிருந்து வருவதை மட்டுமே அவை நன்றாகப் பிடிக்கும். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் நேரத்துக்கு மேற்கே திருப்ப வேண்டும்; முடிந்ததும் கிழக்கே. வசதி உள்ளவர்கள் இரண்டு கம்பம் நட்டார்கள். அலையை வலுவாக்கும் பூஸ்டர் வைத்தவர்களும் உண்டு. அது படத்தைப் பெரிதாக்கிய அளவுக்குப் புள்ளிகளையும் பெரிதாக்கியது. எல்லாவற்றையும் உப்புக்காற்று தின்றது. அலுமினியக் குழாய் வெள்ளையாகப் பூத்து அரித்துப்போகும். வயரும் கம்பியும் சேரும் இடத்தில் பச்சைக் களிம்பு ஏறும். உள்நாட்டில் ஆண்டுக்கணக்கில் நின்ற ஆன்டெனாவுக்கு எங்கள் கரையில் அத்தனை ஆயுள் இல்லை.

இரு நாட்டு நிலையங்கள் ஒரே சேனலில் மோதிக்கொள்ளும் இரவுகள் எனக்கு இன்றும் பிடித்தமானவை. அப்போதைய முறையில் படம் ஒரு விதமாகவும் ஒலி வேறு விதமாகவும் அனுப்பப்பட்டன. படம் அனுப்பும் முறையில் இரண்டு அலைகள் வந்தால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரியும். ஒலிக்குப் பயன்பட்டது எஃப்.எம். முறை, அதில் எது வலுவானதோ அது மற்றதை அமுக்கிவிடும். விளைவு, வயலும் வாழ்வும் நிகழ்ச்சியில் வேளாண் அதிகாரி நெல்லுக்குப் பூச்சிமருந்து அடிக்கும் விதத்தைக் காட்டிக்கொண்டிருக்க, அவர் வாயிலிருந்து சிங்களம் வரும். பின்னால் மங்கலாக வேறு ஒரு முகம் நகரும். நெல்லே விளையாத மீனவர் தெருவில், புரியாத மொழியில், பூச்சிமருந்துப் பாடம். இதைவிடச் சிறந்த நகைச்சுவை நிகழ்ச்சியை அந்த ஆண்டுகளில் யாரும் தயாரிக்கவில்லை.

சிங்களம் தெரியாமல் எப்படிப் பார்த்தீர்கள் என்று வெளியூர் நண்பர்கள் கேட்பார்கள். இந்தி தெரியாமல் ராமாயணம் பார்த்தது எப்படியோ அப்படித்தான். ரூபவாஹினியில் தமிழ்ச் செய்தியும் தமிழ்ப் படமும் இருந்தன. பெரியவர்கள் அவற்றுக்காகக் காத்திருந்தார்கள். பிள்ளைகளை இழுத்தவை கார்ட்டூன்கள். திரைப்படத் தொகுப்பாளராக இருந்து ரூபவாஹினியின் மொழிமாற்றுப் பிரிவுக்கு வந்த டைட்டஸ் தொட்டவத்த அவற்றைச் சிங்களத்துக்கு மாற்றிய விதம் இலங்கையில் இன்றும் பேசப்படுகிறது. டாப் கேட் என்ற அமெரிக்கப் பூனையைப் பிஸ்ஸு பூஸாவாக ஆக்கியவர் அவர். பக்ஸ் பன்னி முயலை ஹா ஹா ஹரி ஹாவா ஆக்கினார். ஊர்ப்பேச்சும் பாட்டும் கிண்டலும் சேர்த்து அவர் செய்த ஒலிப்பதிவில், சொல் புரியாவிட்டாலும் குரலே கதை சொல்லிவிடும். ஆங்கிலத்தில் வந்திருந்தால் நாங்கள் அதை அவ்வளவு ரசித்திருப்போமா என்பது சந்தேகம்தான்.

ஓஷின் 1983இல் ஜப்பானில் தொடங்கிய தொடர். ரூபவாஹினியில் சிங்களத்தில் வந்தது. வறுமையால் வேலைக்கு அனுப்பப்படும் சின்னப் பெண்ணின் கதை. கருவாட்டுக் கிட்டங்கியிலும் இறால் கம்பெனியிலும் வேலை செய்துவிட்டு வந்து உட்காரும் பெண்களுக்கு அதில் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

மண்டபத்தில் மட்டும் மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தார்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அகதிகளாக வந்தவர்கள் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டார்கள். அவர்களின் பிள்ளைகள் எங்களோடு படித்தார்கள். சிங்களப் பகுதிகளில் வாழ்ந்துவிட்டு வந்தவர்களுக்கு அந்த மொழி தெரியும். கார்ட்டூன் வசனத்துக்கு அவர்கள் பொருள் சொல்லும்போது வகுப்பில் அவர்கள் மதிப்பு ஏறும். சிங்களச் செய்தி வரும்போது நிலைமை மாறிவிடும். கேட்பார்கள், பொருள் சொல்ல மாட்டார்கள். நாங்களும் வற்புறுத்தியதில்லை. ஒரே கடலில் நடந்த ஒரே சம்பவத்துக்குத் தூர்தர்ஷன் ஒரு முகமும் ரூபவாஹினி வேறு முகமும் காட்டுவதை, 1987இல் இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தான நாள்களில் ஒரே மாலையில் கம்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். செய்தி என்பது யாரோ ஒருவர் சொல்வது என்ற பாடம், எங்கள் வயதில் வேறு ஊர்ப் பிள்ளைகளுக்கு இவ்வளவு சீக்கிரம் கிடைத்திருக்காது.

ராமாயணத்தைப் பற்றியும் கொஞ்சம். 1987 ஜனவரி 25 முதல் 1988 ஜூலை 31 வரை ஞாயிறு காலைகளில் வந்தது. அந்த நேரத்தில் தெரு வெறிச்சோடியது என்பது நாடு முழுவதற்கும் பொதுவான கதை. இங்கே அது முழுக்க அப்படி இல்லை. தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் கோயில் திருப்பலிக்குப் போகிறவர்கள் பூசை முடிந்து ஓடிவருவார்கள். கரைக்கு வந்த மீனை ஏலம் போடுகிறவர்கள் ராமனுக்காக மீனைக் காத்திருக்க வைக்க முடியாது. ஆனால் சேதுப் பாலம் கட்டும் பகுதி வந்தபோது ராமேசுவரத்துக்காரர்களிடம் ஒரு தனி உரிமை தெரிந்தது. குஜராத்தின் உமர்காமில் அமைத்த அரங்குகளில் எடுத்த தொடர் அது. படத்தில் வந்த கடலைப் பார்த்துவிட்டு, "இது நம் கடல் இல்லை, அலை இவ்வளவு உயரம் அடிக்காது" என்று தீர்ப்புச் சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். தீவின் வடகரையில், பாக் நீரிணைப் பக்கம், அலை அவ்வளவாக எழும்பாது. அவர்கள் சொன்னதில் தவறில்லை.

மகாபாரதம் தொடங்கியது 1988 அக்டோபர் 2, ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதே நாளில்தான் பாம்பன் சாலைப் பாலமும் திறக்கப்பட்டது. அதுவரை தீவுக்கு ரயிலும் படகும்தான். டிவி பெட்டி வாங்கினால் ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வர வேண்டும். பழுதானால் மறுபடியும் ரயில். பாலம் வந்த பிறகு பெட்டிகள் பஸ்ஸிலும் வேனிலும் வந்தன. தீவில் வீட்டுக்கு வீடு டிவி பெருகியதற்கு மகாபாரதத்தைக் காரணமாகச் சொல்கிறவர்கள் உண்டு. பாலத்துக்கு அதைவிடப் பெரிய பங்கு இருந்தது என்பது என் கணக்கு.

கிழக்குத் திசைக்கு அடி விழுந்தது 1990இல். அந்த ஆண்டு ஜூலையில் கொக்காவில் இராணுவ முகாம் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்தது. ஒளிபரப்பு நிலையமும் அழிந்தது. 120 கிலோமீட்டரில் இருந்த நிலையம் இல்லாமல் போனதும் மிஞ்சியது 300 கிலோமீட்டர் தள்ளி இருந்த மலை. அதாவது காற்று மனம் வைத்தால் மட்டும் படம். கொக்காவிலில் புதிய கோபுரம் 2011இல்தான் எழுந்தது, 174 மீட்டர். அதற்குள் இங்கே கம்பத்தைத் திருப்ப ஆளில்லை.

மேற்குத் திசை அதே காலத்தில் வலுத்தது. 1990களில் ராமேசுவரத்தில் தூர்தர்ஷன் 323 மீட்டர் உயரத்தில் கான்கிரீட் கோபுரம் கட்டியது. இந்தியாவின் மிக உயரமான தொலைக்காட்சிக் கோபுரம் அது. பாம்பன் தாண்டும்போதே தெரியும். இவ்வளவு உயரம் எதற்கு என்று யோசித்தால், பஞ்சாபின் பாசில்காவில் நிற்கும் 300 மீட்டருக்கும் மேற்பட்ட கோபுரத்தையும் சேர்த்து நினைக்க வேண்டும். அது பாகிஸ்தான் எல்லையில் இருக்கிறது. அமிர்தசரசுக்காரர்கள் லாகூர் நாடகங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். 1973இலேயே அமிர்தசரசில் ஒரு இந்திய நிலையம் வந்தது. எல்லையோரத்து வீட்டுக்குள் அடுத்த நாட்டுக் குரல் கேட்பதை எந்த அரசும் விரும்பாது. எங்கள் கோபுரத்துக்குப் பின்னாலும் அந்த எண்ணம் இருந்திருக்கும் என்று நான் கருதுகிறேன்.

கோபுரம் வந்த வேளையில் கேபிளும் வந்துவிட்டது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியது. சில ஆண்டுகளில் தொண்டிப் பிள்ளைகளும் திருச்சிப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ஒரே நிகழ்ச்சியைப் பார்க்கத் தொடங்கினார்கள். இலங்கை வானொலியில் இந்தக் கரையே அறிந்திருந்த பி.எச். அப்துல் ஹமீதின் குரல் பாட்டுக்குப் பாட்டு நடத்திக்கொண்டு இப்போது சென்னை வழியாக வந்தது. தனுஷ்கோடி முனைக்குக் கிழக்கே 30 கிலோமீட்டரில் தலைமன்னார் இருக்க, அந்தக் குரல் சுற்றிக்கொண்டு வந்ததில் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சிரிப்பு. ரூபவாஹினியை விடாமல் பார்த்த சிலருக்கு 1996இல் இன்னொரு குழப்பம். அதுவரை இரு நாட்டுக் கடிகாரமும் ஒன்று. அந்த ஆண்டு மே மாதம் இலங்கை தன் நேரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளியது. அக்டோபரில் அதில் அரை மணியைக் குறைத்தது. 2006 ஏப்ரலில்தான் மறுபடியும் நம் நேரத்துக்கு வந்தது. தெரியாமல் வழக்கமான நேரத்துக்குப் பெட்டியைப் போட்டவர்கள் முடிவுக் காட்சியை மட்டும் பார்த்தார்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு நேரத்தில் ராமாயணத்தைத் தூர்தர்ஷன் மறுபடியும் ஒளிபரப்பியது. புள்ளி இல்லாத தெளிவில் பார்க்கும்போது ஒப்பனையும் அட்டைக் கிரீடமும் தெரிந்துவிட்டன. எங்கள் சிறுவயது நிகழ்ச்சிகளுக்குப் புள்ளிகள் செய்த உபகாரம் பெரியது.

ஒரு விஷயத்தை இந்தக் கரையிலேயே பலர் மறந்துவிடுகிறார்கள். அலைக்கு இரு திசையும் ஒன்றுதான். நாங்கள் கிழக்கே திருப்பிய அதே ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துக்காரர்கள் உயரமான கம்பம் நட்டு மேற்கே திருப்பினார்கள். அவர்களுக்குத் தூர்தர்ஷன் வந்தது. ஒளியும் ஒலியும் அங்கேயும் வெள்ளிக்கிழமைப் பேச்சாக இருந்தது. ஆக, சென்னைப் பட்டியலில் இருப்பதில் பாதி யாழ்ப்பாணப் பட்டியலிலும் இருக்கும். அவர்கள் சொந்த நாட்டு ரூபவாஹினியில் பார்த்ததில் பாதி எங்கள் பட்டியலில் இருக்கும். எண்பதுகளின் தொலைக்காட்சி நினைவுகளைத் தொகுக்கிறவர்கள் மாநில எல்லையோடு நிறுத்திக்கொண்டால் இந்தக் கொடுக்கல் வாங்கல் கண்ணில் படாது.

தூர்தர்ஷன் தன் பழைய தரைவழி ஒளிபரப்பை நாட்டின் பெரும்பகுதியில் நிறுத்திவிட்டது. ஆன்டெனாக்கள் பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டன. எங்கள் தெருவில் ஒன்று துணி காயப்போடும் கொடிக்கு முட்டாக நிற்கிறது. காற்றை நம்பி இன்னும் கடல் தாண்டி வருவது எஃப்.எம். வானொலி மட்டும்தான். ராமேசுவரத்து ஆட்டோக்களில் சக்தி எஃப்.எம்., சூரியன் எஃப்.எம். என்று கொழும்புத் தமிழ் கேட்கிறது. பங்குனியில் நன்றாகக் கேட்கிறது, ஆடியில் இரைகிறது.